மலையகக் குடும்பமும் பிள்ளையின் படிப்பும்



வளர்முக நாடுகளிற் குழந்தைகளுக்கு நேரும் இடர்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பஞ்சம், போர், கொள்ளைநோய் ஆகிய மூன்றையே முதலிற் கூறுவர். அவை கொடியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றை உலகம் காண்கின்றது, செய்தித்தாள்கள் எழுதுகின்றன, உதவிப் பொருள்கள் கப்பலேறி வருகின்றன. இன்று நான் பேச விரும்புவது ஓசையின்றி நடைபெறும் வேறொன்றைப் பற்றி. ஊரிலே பஞ்சமில்லை. போருமில்லை. பாடசாலை இருக்கின்றது. கட்டணம் கிடையாது. பாடநூல்கள் 1980ஆம் ஆண்டு முதலும், சீருடைத் துணி 1993ஆம் ஆண்டு முதலும் அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. அவ்வாறிருந்தும் ஒன்பதாந் தரத்து இடாப்பிற் காணப்பட்ட பெயர்களிற் சில பதினோராந் தரத்து இடாப்பிற் காணப்படுவதில்லை. அப்பிள்ளைகள் எங்கே போயினர், ஏன் போயினர் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இக்கேள்வியை நான் பட்டிப்பொலையிலிருந்து கேட்கின்றேன். கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்திற் சென்றோர் இப்பெயரை அறிவர். 6200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த இந்நிலையமே இந்நாட்டின் ஆக உயரமான புகையிரத நிலையமாகும். இதனைக் கடந்து ஒகியாவை நோக்கிச் செல்லும் வண்டி மலையுச்சியிலுள்ள சுரங்கமொன்றினுட் புகுந்து, மத்திய மாகாணத்தை விட்டு ஊவா மாகாணத்தில் வெளிப்படும். சுரங்கத்தின் இப்புறம் மழை பொழிய அப்புறம் வெயில் எறிப்பதைக் கண்டு பயணிகள் வியப்பர். ஒருபுறம் தேயிலை மலைகள். ஒருபுறம் கோவாவும் லீக்சும் உருளைக்கிழங்கும் விளையும் காய்கறித் தோட்டங்கள். அப்பால் ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் காடு. தை மாதத்து விடியற்காலைகளிற் புல்நுனியில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். வண்டியின் வாயிலில் நின்று படம் பிடிப்போர் இதனை எழில் மிகுந்த நாடென்பர். உண்மைதான். இங்கு வாழ்வோரும் அதனை மறுக்க மாட்டார். காலை ஐந்து மணிக்கு அவ்வெழிலைப் பார்த்துக்கொண்டு நிற்க அவர்களுக்கு நேரமில்லை, அவ்வளவே.

பிள்ளைகள் இடையிற் படிப்பை விடுவதேன் என்று கேட்டால், நகரத்து நண்பர்கள் சொல்லும் விடை ஒன்றுண்டு: "தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது." இவ்விடை சொல்வதற்கு எளியது, சொல்பவருக்கு ஆறுதலும் தருவது. ஆனால் அது சரியான விடையன்று. முதலாந் தரத்திற் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலே, தாம் எழுத்துக் கற்காத பெற்றோர் குளித்து முழுகி, நல்லுடை உடுத்தி, கோயிலில் அருச்சனை செய்த தட்டோடு வந்து நிற்பதை நான் ஆண்டுதோறுங் கண்டிருக்கின்றேன். அருமை தெரியாதவர் அவ்வாறு வருவதில்லை. முதலாந் தரத்துக்கும் பத்தாந் தரத்துக்கும் இடையே அவர்கள் அன்பு குறைந்துவிடுவதில்லை. வீட்டுக் கணக்கு மாறிவிடுகின்றது. அந்தக் கணக்கை நாம் சற்றுப் பொறுமையோடு போட்டுப் பார்ப்போம்.

தோட்டத்துச் சம்பளம் மாதச் சம்பளமன்று, நாட் கூலி. அதனைத் தொழிலாளர் 'பேர்' என்ற சொல்லாற் குறிப்பர். காலையிற் பெரட்டுக் களத்திற்குச் சென்று பெயர் கொடுத்து, மலைக்கு ஏறி, தோட்டம் விதித்த அளவு கொழுந்தை எடுத்தாற்றான் ஒரு பேர் விழும். அவ்வளவு பல தோட்டங்களிற் பதினெட்டுக் கிலோவாகவும் சிலவற்றில் இருபதாகவும் இருந்து வருகின்றது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மழை கனத்தால், வரட்சி நீடித்தால், பனி கொழுந்தைக் கருக்கினால், அந்த அளவை எட்டுவது அரிதாகும். சில நாட்களில் வேலையே இராது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கென எத்தனை ஆண்டு போராட்டம் நடந்ததென்பதை நேயர்கள் அறிவர். அந்த ஆயிரம் ரூபா கைக்கு வந்து ஓராண்டு கழிவதற்குள், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்காகி அதனை விழுங்கிவிட்டது. பின்னர் 2024ஆம் ஆண்டு செப்டம்பரிற் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ஆக உயர்த்துவதென்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் மேலும் 200 ரூபா தருவதென்றும் அறிவித்தது.

கணக்குக்கு 1350 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். மாதத்தில் இருபது பேர் விழுந்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் 2160 ரூபா கழியும். மீதி 24,840. அதிலிருந்து தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை, தொழிற்சங்கச் சந்தா, கோயில் வரி, கடைப்பற்று ஆகியவை கழிந்து வீட்டுக்கு வந்து சேரும் தொகையை நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் இருவர் தோட்டத்திற் பேர் பதிந்திருந்தாலும், அடுப்பங்கரையில் உண்பவர் ஆறு பேர் இருப்பர். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமானச் செலவின அளவீட்டின்படி நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். நகரத்தில் இது 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்திலோ 33.8. இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு என்பதையும் மறத்தலாகாது.

இவ்வரவுக்கு எதிரே பிள்ளையின் படிப்புச் செலவை வையுங்கள். கல்வி இலவசமென்பது வகுப்பறை வாயில் வரையிற்றான். சிறு வகுப்புகள் தோட்டத்திலேயே இருக்கின்றன. ஆறாந் தரத்துக்கு மேல் பிள்ளை பெரும்பாலும் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். பேருந்துக் கட்டணம், சப்பாத்து, கொப்பிகள், மழைச்சட்டை, மதிய உணவுப் பொதி, பரீட்சை நெருங்கினால் மாலை வகுப்புக் கட்டணம் என்று ஒவ்வொரு தரமும் ஏற ஏறச் செலவும் ஏறும். மழைக்காலத்தில் வரவு குறைவதற்குக் காய்ச்சலைக் காரணமாகக் கடிதத்தில் எழுதுவார்கள். பலமுறை உண்மைக் காரணம் ஒற்றைச் சோடிச் சப்பாத்து. நேற்று நனைந்தது, இந்தக் குளிரில் இன்று உலரவில்லை.

இனி மறுபக்கம். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் உருளைக்கிழங்கு அகழப் போனால் அன்று மாலையே காசு கையில் விழும். கொழும்பிலோ வேறு நகரத்திலோ கடைக்குப் போனால் மாதம் ஒரு தொகையை வீட்டுக்கு அனுப்புவான். அனுப்பாவிட்டாலுங்கூட, அவன் அங்கே உண்பான். வீட்டில் ஓர் இலை குறையும். ஆகவே பிள்ளை படிப்பை விட்டால் குடும்பத்துக்கு வருவது ஒரு மடங்கு இலாபமன்று. செலவு நின்றது ஒன்று, வரவு வந்தது ஒன்று, உணவு மிஞ்சியது ஒன்று. அவன் படித்தால் வரும் பயனோ ஐந்தாறு ஆண்டு கழித்து வருவது. வருமென்ற உறுதியும் இல்லாதது. இந்நிலையில் எவரும், நானும் நீங்களும் உட்பட, எவ்வாறு முடிவு செய்வோம்? ஒரு தாய் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ஐயா, மூணு பேருல ஒருத்தன படிக்க வைக்கலாம். எவன்னு நீங்களே சொல்லுங்க." அதற்கு என்னால் விடை கூற முடியவில்லை. அந்த அம்மையார் கல்வியின் அருமை அறியாதவரல்லர். அதன் விலையை என்னைவிட நுட்பமாக அறிந்தவர்.

பெரும்பாலும் கணக்கு மூத்த பெண்பிள்ளையின் தலையிலேதான் முடிகின்றது. தோட்டத்தில் ஆண்கள் கவ்வாத்து, முள்ளுக்குத்து, மருந்தடிப்பு முதலிய வேலைகளை நண்பகலுக்குச் சற்றுப் பின் முடித்து இறங்கிவிடுவர். கொழுந்தெடுக்கும் பெண்களோ மாலை வரை மலையில் நின்று, கொழுந்தை நிறுத்த பின்னரே வீடு திரும்ப முடியும். அவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருபவர்கள். தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குச் சென்றிருந்தாலோ அவ்விடத்தைப் பாட்டியும் மூத்த மகளும் நிரப்ப வேண்டும். பதின்மூன்று வயதில் தாயாகிவிட்ட அப்பெண்ணைப் பாடசாலை இடாப்பு 'ஒழுங்கற்ற வரவு' என்று குறிக்கின்றது. இடாப்புக்கு வேறு சொல் தெரியாது.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதையும் பார்ப்போம். ஐந்து முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதி 1998ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டிற் பதினான்கிலிருந்து பதினாறாயிற்று. அவ்வாண்டு யூலை மாதத்திலேதான், மலையகத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியொருத்தி தீக்காயங்களால் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. தோட்டந்தோறும் மக்கள் வீதிக்கு வந்தனர். சட்டம் பிள்ளையை வேலைக்கு எடுப்பவனைத் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். ஆனால் அனுப்பும் வீட்டின் கணக்கைச் சட்டம் திருத்தித் தருவதில்லை.

இக்கணக்கு எங்கிருந்து தொடங்கிற்று என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்கென்று சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து நம் மூதாதையர் அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை வரை நடந்து வந்த அப்பயணத்தின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், அதுவும் பெண்களின் கைகளும் சிறுவரின் கைகளும் வேண்டும். அதனாற் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றப்பட்டனர். அதாவது, இங்கே குடும்பம் என்பதே தொழிற்றேவையாற் கணக்கிடப்பட்ட ஒன்றாய் இருந்தது. கங்காணியின் 'துண்டு' என்ற கடன்சீட்டு 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும் வரை, தந்தை பட்ட கடன் குடும்பம் முழுவதையும் கட்டிப் போட்டது.

தோட்டத்துரைமார் தத்தம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தவேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. பாடசாலை என்றால் என்ன? ஓர் ஆசிரியர், லயத்துக் கோடியில் ஓர் அறை, கரும்பலகை ஒன்று. பல இடங்களிற் காலையிலே வேலைக்குச் சென்ற பிள்ளைகள் பிற்பகலில் வந்து எழுத்தறிந்தனர். 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தது. அது இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. அதனால் உயர்ந்தோர் எண்ணற்றவர். ஆனால் அவ்வெள்ளம் மலை மேல் ஏறவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிற்றான் அரசாங்கத்தின் கைக்கு முழுமையாக வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கும் எம் பிள்ளைகளுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளி விழுந்தது இவ்வாறே. ஒரு தலைமுறை முழுவதும் ஐந்தாந் தரத்தோடு நின்றது.

இதனோடு குடியுரிமையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரு பிரதமர்களும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் நீலகிரிக்கும் தம்பி நுவரெலியாவுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. நாடற்றோர் என்ற நிலை முற்றாகத் தீர்வதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியிருந்தன. கல்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பர். பிள்ளையைப் படிக்க வைப்பது எதிர்காலத்தில் ஒரு விதையை ஊன்றுவது போன்றது. எந்த மண்ணில் நிற்கப் போகின்றோம் என்பதே தெரியாத தந்தை விதையை எங்கே ஊன்றுவான்? அரை நூற்றாண்டாக எம் மக்கள் மாத முடிவுக்கு மேல் எண்ணிப் பழகவில்லை. எண்ண விடப்படவில்லை என்பதே பொருத்தம்.

உணவைப் பற்றியுஞ் சொல்ல வேண்டும். ஏனெனிற் படிப்பு வயிற்றிலிருந்து தொடங்குகின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததை முதியோர் இன்றும் பேசுவர். இன்று அத்தகைய பட்டினி இல்லை. ஆனால் குறைபோசணை இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்து பார்த்தது. வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். உயரம் குறைவது அழகுக்குறையன்று. கருவிலும் முதலிரண்டு ஆண்டுகளிலும் போசணை போதாமற் போனால் எலும்பு மட்டுமன்றி மூளையின் வளர்ச்சியும் தடைப்படும். பிற்காலத்தில் எவ்வளவு ஊட்டினாலும் அக்காலத்து இழப்பு முழுமையாக மீளாது. தாய் இரத்தச் சோகையோடு கருவுறுகின்றாள். எடை குறைந்த குழந்தை பிறக்கின்றது. அக்குழந்தை காலை ரொட்டியோடும் பாலில்லாத சாயத் தேநீரோடும் வளர்கின்றது. அத்தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதையுந் தடுப்பதென்று மருத்துவர் கூறுவர். நாட்டுக்கெல்லாம் பால் அனுப்பும் அம்பேவெலப் பசுக்கள் மேயும் புற்றரைக்கு அருகிலேதான் இது நடைபெறுகின்றது. பசுக்களின் மேல் குற்றமில்லை. பால் வாங்குவதற்குப் பேர் போதவில்லை.

இவ்விடத்தில் நம் மூதாதையர் விட்டுவந்த நாட்டை நினைத்துப் பார்ப்பதிற் பயனுண்டு. சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டிலேயே தன் பாடசாலையொன்றிற் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. காமராசர் முதலமைச்சராயிருந்த 1950களில் அத்திட்டம் மாநிலமெங்கும் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022ஆம் ஆண்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் வழங்கப்படலாயிற்று. தொடக்கத்தில், "சோற்றுக்காகப் படிக்க வருவதா?" என்று நகைத்தோரும் இருந்தனர். சோற்றுக்காக வந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பொறியியலாளராயிருக்கின்றனர். நம் நாட்டிலும் 1973 முதல் திரிபோசா மாவும், பின்னர் பாடசாலைப் பகலுணவும் வந்துள்ளன. ஆனால் நிதியோ அரிசியோ தடுமாறுந்தோறும் அவை நின்று நின்று நடக்கின்றன. உணவு தருகின்ற நாளில் வரவு கூடுகின்றது; நிறுத்தப்பட்ட கிழமையிற் குறைகின்றது. இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. எந்த அதிபரின் இடாப்பும் காட்டும்.

மெக்சிக்கோவில் 1997இலும் பிரேசிலில் 2003இலும் வேறொரு வழி கண்டனர். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் வறிய தாயின் கையில் அரசாங்கம் மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்தது. பிள்ளை வேலைக்குப் போனால் வரக்கூடிய காசிற் சிறுபகுதியை முன்கூட்டியே ஈடுசெய்யும் முறை அது. நான் மேலே போட்ட கணக்கை அந்நாடுகளின் அறிஞரும் போட்டுப் பார்த்திருக்கின்றனர் என்பது இதனாற் புலனாகும். இங்கு 1995இல் தொடங்கிய சமுர்த்தி உதவி, தோட்டத் தொழிலாளர் நிரந்தரக் கூலி பெறுவோர் என்ற எண்ணத்தாற் போலும், அவர்களிற் பலரை எட்டாமலே போயிற்று. 2023இல் அதனிடத்தில் வந்த அஸ்வெசும தோட்டக் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது. விண்ணப்பத்தின் வினாக்களை நிரப்புவதற்குப் பெற்றோர் பிள்ளைகளையே நம்பியிருந்தனர். படிப்பின் உடனடிப் பயனென்று அதனைக் கூறலாம்.

வீட்டுக்கு வருவோம். லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு குடும்பம். சில வேளைகளில் இரண்டு. அதில் மாலை வேளையிற் பாடம் படிக்க ஒரு மூலையைப் பிள்ளை தேடவேண்டும். இடநெருக்கடியைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. அக்காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று, தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்திற் பேர் பதிந்திருந்தாற்றான் அதிற் குடியிருப்பது எளிது. எனவே, வேறு தொழிலில் அதிகங் கிடைத்தாலும் தாய் கொழுந்துக் கூடையை விட முடிவதில்லை. கூரையை அந்தக் கூடை தாங்கிக்கொண்டிருக்கின்றது. ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனிவீடு என்ற திட்டமும், இந்திய அரசாங்கத்தின் உதவியோடு 4000 வீடுகளும், 2017ஆம் ஆண்டு நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் நல்ல தொடக்கமே. ஆனால் லயங்களின் தொகைக்கு இவை சிறிது; வேகமும் சிறிது. பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டத்துக்குட் செலவிடுவதற்கு இருந்த சட்டத்தடையே 2018ஆம் ஆண்டிற்றான் நீங்கியது. அதுவரை தோட்டத்துப் பாதையிற் பள்ளம் விழுந்தால் அது எவருக்கும் உரியதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலின்போது மலைநாடெங்கும் மண் சரிந்ததே, அப்பொழுது சரிவுகளின் விளிம்பில் வரிசையாக நிற்கும் லயங்களின் அபாயத்தை நாடு கண்டது. அங்கு வாழ்வோர் ஒவ்வொரு மழையிலும் அதனைக் காண்கின்றனர்.

பாடசாலைகள் மேல் பழியே இல்லை என்று நான் கூறமாட்டேன். 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் சிறீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. மலையகத்திலிருந்தே ஆசிரியர் உருவாகினர். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் 2015ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ மூவாயிரம் இளைஞரை உதவி ஆசிரியராக எடுத்து, மாதம் 6000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்ததை நற்செயலென்று எவ்வாறு கூறுவது? பெரட்டுக்குச் சென்றிருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும் என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்தனர். படிப்பு என்ன தரும் என்பதற்கு அவர்கள் கண்முன் இருந்த எடுத்துக்காட்டு அந்த ஆசிரியர்தாமே.

உயர்தரத்திற் கணிதமும் விஞ்ஞானமும் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இடர் இன்னும் அதிகம். அப்பிரிவுகள் தமிழ் மொழியில் நடைபெறும் பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சில. அவை நகரங்களில் உள்ளன. மேல்மலையிலிருந்து செல்லும் மாணவி விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கவேண்டும். அதனால் திறமை எதுவாயினும் பெரும்பாலோர் அருகிலுள்ள பாடசாலையிற் கலைப்பிரிவிலேயே சேர்கின்றனர். நானும் கலைப் பட்டதாரியே. வரலாற்றையும் தமிழையும் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. விரும்பி எடுப்பதற்கும் வேறு வழியின்றி எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே கூறுகின்றேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சிற் கொரோனா நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவ்வேறுபாடு இன்னும் துலங்கிற்று. நகரத்துப் பிள்ளை வீட்டிலிருந்து பாடங் கேட்டது. இங்கே கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் பாறையைத் தேடிப் பிள்ளைகள் மலையேறினர். வீட்டில் ஒரே தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அக்காலத்திற் படிப்பை விட்டவர்களிற் பலர் திரும்பி வரவில்லை.

இத்தனை தடைகளையுங் கடந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுகின்றனர். ஆசிரியராகவும் தாதியராகவும் மருத்துவராகவும் வருகின்றனர். அவர்கள் வீடுகளை உற்று நோக்கினால் ஒன்று தெரியும். எங்கோ ஓரிடத்தில் அந்தக் கணக்கில் ஒரு வரி மாறியிருக்கும். மாமன் ஒருவர் பேருந்துக் காசை ஏற்றிருப்பார். வெளிநாட்டிலிருந்து தாய் அனுப்பிய பணம் இரண்டு ஆண்டு தங்கியிருக்கும். அண்ணன் ஒருவன் தன் படிப்பை விட்டுத் தங்கைக்கு வழி விட்டிருப்பான். அந்த அண்ணனின் பெயரைப் பரிசளிப்பு விழாவில் எவரும் வாசிப்பதில்லை.

முடிப்பதற்கு முன், கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்துக் காம்பராவுக்குத் தெருப் பெயரும் கிடையாது, இலக்கமும் பெரும்பாலும் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருப்பர். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அத்தேதி கழிந்த பின் வந்து சேர்ந்ததைப் பலமுறை கண்டிருக்கின்றோம். ஆகவே எம் மாணவர் விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது புகையிரத நிலையத்துக்கருகிலுள்ள பலசரக்குக் கடையின் பெயரை எழுதுகின்றனர். கடைக்காரர் நல்லவர். வரும் உறைகளைச் சீனி மூட்டைக்கு மேலுள்ள தட்டிற் செருகி வைப்பார். பெறுபேறு வரும் மாதங்களில், மாலை வண்டி வந்து போன பிறகு, பிள்ளைகள் அந்தக் கடையில் ஒரு பெட்டி நெருப்புக்குச்சி வாங்கும் சாட்டில் வந்து நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.